ஈசாக்கின் குழாய்க் கரண்டு

பொழுது சாய்ந்ததும் ஈசாக் நடுவீட்டில் பாயை விரித்து, பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். பார்ப்பவர்கள் தியானம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருடைய காது முழுக்கக் கீழே, சரிவின் அடியில், அருமநாயகம் வீட்டு முற்றத்தில் இருக்கும். அங்கே தொட்டியில் வாளி முங்குகிற சத்தம் கேட்க வேண்டும். அருமநாயகத்தின் மனைவி கிருபாபாய் பாத்திரம் கழுவ உட்கார்ந்தால் ஒரு சத்தம், பிள்ளைகளைக் குளிப்பாட்டினால் வேறு சத்தம். எது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. வாளி முங்கிய சற்று நேரத்தில் அவர் தலைக்கு மேல் தொங்கும் பல்பு செம்பருத்தி நிறத்தில் கண் விழிக்கும். பிறகு மஞ்சளாகும். வீடு பளிச்சென்று ஆனதும் "வாருங்கோ, வாருங்கோ, ஜெபிச்சிருவோம்" என்று மனைவியையும் மகள்களையும் விரட்டுவார். நீளமான சங்கீதங்களை அவர் தொடுவதேயில்லை. கீழே வாளி நின்று பல்பு சிவக்கத் தொடங்கினால், தாவீது ராஜா எந்தக் குகையில் ஒளிந்திருந்தாலும் சரி, "ஆமென்".

வெள்ளறடைச் சுற்றுவட்டாரத்தில் பம்பு செட்டு தகராறு செய்தால் ஆட்கள் தேடி வருவது ஈசாக்கைத்தான். எலும்பு துருத்திய நெட்டை ஆள். கைலியின் இடுப்பு மடிப்பில் ஒரு பைப் ரெஞ்சு செருகியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதுவும் கூடப் போகும். கெட்டுப்போன பம்பைக் கண்டதும் கழற்ற மாட்டார். முதலில் குழாயில் காதை வைப்பார், கண்ணை மூடுவார், டாக்டரைப் போல ஒரு முறை தலையாட்டுவார். அதன் பிறகு தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கோள் சொல்வார். தண்ணீருக்கு அந்தப் பக்கத்தில் வெள்ளம் என்று பெயர்.

"வெள்ளம் மடியனாக்கும். எறக்கம் கண்டாத்தான் சோலி செய்யும். ஏறச் சொன்னா நடுவழியில குத்தி இருந்துக்கிடும். நம்ம பயலுவள மாதிரிதான்."

தொழிலில் குறை சொல்ல முடியாது. கூலியில் பேரம் இல்லை, குடி இல்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசை. இருந்தும் மனிதருக்கு உள்ளே ஒரு தீராத நோய் உண்டு. அதன் பெயர் அருமநாயகம்.

இருவரும் பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் பிறந்தவர்கள். அருமநாயகம் இளையவன், அண்ணா அண்ணா என்று ஈசாக்கின் பின்னால் சுற்றியவன். இரண்டு குடும்பமும் ஒரே ஜன்மியின், அதாவது பெரிய நிலக்காரரின், நிலத்தில் குடிசை போட்டு, அவர் ஏவின வேலையைச் செய்து கிடந்தவை. நிலச்சட்டம் வந்து, குடிசைக்காரனுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று ஆனது. ரப்பருக்கு நடுவில் குடிசை வேண்டாம் என்று ஜன்மி தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு துண்டுகளைக் காட்டினார். மேல் துண்டு செங்குத்தான பாறைச் சரிவு, ஆனால் உச்சியில் கோடையிலும் வற்றாத ஊற்று. கீழ்த் துண்டு சமதளம், பொட்டுத் தண்ணீர் கிடையாது. ஈசாக் மூத்தவர் என்ற உரிமையில் முந்திக்கொண்டார். "வெள்ளம் உள்ள எடம் எனக்கு." அருமநாயகம் மிச்சத்தை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு ஈசாக்கை மிஞ்சிய கெட்டிக்காரன் பாறசாலை முதல் காட்டாக்கடை வரை கிடையாது.

ஆனால் பாருங்கள், கொஞ்ச காலத்தில் கீழ்த் துண்டை ஒட்டி ரோடு வந்தது. ரோட்டின் பின்னால் பஸ் வந்தது. பஸ்ஸின் பின்னால் கரண்டுக் கம்பமும் வந்தது. மூன்றுக்கும் மேலே ஏறி வர மனதில்லை. அருமநாயகத்தின் வாசலிலேயே நின்றுவிட்டன.

அதோடு போயிருந்தால்கூட ஈசாக் பொறுத்திருப்பார். அருமநாயகம் பேர்சியாவுக்குப் போனான். துபாயோ தோஹாவோ, கடல் தாண்டிய எந்த ஊருக்கும் அங்கே பேர்சியா என்றுதான் பெயர். ஓலைக் குடிசை இருந்த இடத்தில் கான்கிரீட் வார்ப்பு வீடு எழும்பியது. டியூப் லைட் எரிந்தது. லீவில் வந்தவன் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவன் சட்டையின் வாசனை டீக்கடை வரைக்கும் முன்னால் வரும். டீக்கடையில் எல்லோரும் மூக்கை விரித்து ரசிக்கும்போது ஈசாக் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வார். "எழவு வீட்டு மணமாக்கும் இது. பெட்டிக்குள்ள வைக்கும்போ தெளிக்குத சாமானம்." அருமநாயகத்தின் வீட்டு முன்னால் நடக்க நேரும் என்பதற்காக ரோட்டையே விட்டுவிட்டார்; ரப்பர் மரங்களுக்கு இடையில் சுற்றிப் போய், முழங்காலில் கீறலோடு வேலைக்குப் போய்ச் சேருவார்.

வெள்ளிக்கிழமை தோறும் சபையார் ஒரு வீட்டில் கூடும் ஜெபக்கூட்டத்துக்கும் போவதை நிறுத்தினார். கூட்டங்கள் பெரும்பாலும் பேர்சியாப் பணத்தில் எழும்பிய வீடுகளில் நடந்தன. அந்த டியூப் லைட்டுகளுக்கு அடியில் உட்கார்ந்து கர்த்தரைத் துதிக்க அவருக்கு நாவு எழவில்லை. "கண்கூசுது" என்று காரணம் சொன்னார்.

ஒரு தடவை அருமநாயகமே மேலே ஏறி வந்தான். "அண்ணா, எனக்க வீட்டு மீட்டருல இருந்து ஒரு வயரு மேல இழுத்துக்கிடும். பிள்ளைய இருட்டுல இருந்தல்லா படிக்குவு." கேட்டதில் பிழையில்லை. ஈசாக் சிரித்து, சாயா கொடுத்து, அனுப்பிவிட்டு, உள்ளே வந்து மனைவி சாராம்மாவிடம் பொரிந்தார்.

"அவனுக்க வெட்டத்துல இருந்து நான் கஞ்சி குடிக்கணுமோ? நாட்டுல மண்ணெண்ணெய் தீந்து போச்சா?"

சாராம்மா அரைத்த அம்மியை விட்டுக் கை எடுக்கவில்லை. "ஒமக்குக் கண்ணுகடியாக்கும். அத மறைக்க ஒவ்வொண்ணு பறயுதீரு."

வெட்டம் என்றால் வெளிச்சம், கண்ணுகடி என்றால் பொறாமை. ஈசாக் மறுக்கவில்லை. இரவில் சரிவின் அடியில் அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்க்கும்போது அவர் அடிவயிற்றில் ஒன்று புரளும். அதற்கு அவர் சோடா குடித்துப் பார்த்திருக்கிறார், இஞ்சிச் சாறு குடித்துப் பார்த்திருக்கிறார்.

அடுத்த லீவில் அருமநாயகம் மறுபடியும் ஏறி வந்தான். இந்தத் தடவை கேட்க வந்தான். கிணறு தோண்டியதில் பாறை தட்டிவிட்டது. கோடையில் கிருபாபாய் குடத்தோடு அலைகிறாள். ஊற்றிலிருந்து ஒரு குழாய் போட்டுக் கீழே விட முடியுமா? ஈசாக்குக்கு அந்த நிமிஷம் பதினாறு வயது குறைந்தது. பேர்சியாக்காரன் தன் வாசலில் தண்ணீருக்குக் கை நீட்டி நிற்கிறான். "அதுக்கென்னலே, வெள்ளம் கர்த்தர் தாறதல்லா" என்று பெரிய மனதோடு சொன்னார். குழாயைத் தானே பதித்தார். கூலி வாங்க மறுத்தார். மறக்காமல் தன் அடுக்களைப் பக்கமாக ஒரு அடைப்பு வால்வு வைத்தார். மனக்கசப்பு மிகுந்த நாட்களில் அதைக் கொஞ்சம் திருகிவிட்டு வந்து படுத்தால் நல்ல உறக்கம் வரும்.

குழாய் ஊற்றில் தொடங்கி, ஈசாக்கின் நிலம் முழுக்கச் செங்குத்தாக இறங்கி, எல்லைக் கல்லைத் தாண்டி, அருமநாயகத்தின் சிமெண்டுத் தொட்டியில் விழுந்தது. ஒருநாள் எல்லைக் கல்லருகே குழாயில் காதை வைத்த ஈசாக் எடுக்கவேயில்லை. உள்ளே தண்ணீர் மாட்டு மந்தை போல ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கெங்கோ வயலுல மோட்டோரு வெள்ளத்தத் தள்ளுது" என்றார் சாராம்மாவிடம். "அப்போ இந்த வெள்ளம் மோட்டோரத் தள்ளாதா? இம்புட்டு வெசையும் சும்மாக் கெடந்து அவனுக்க தொட்டியில சாவுது."

வயலில் மூழ்கி மோட்டார் கரிந்துபோன ஒரு பம்பு அவர் வீட்டில் கிடந்தது. அதன் தலையைக் கழற்றி, எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் குழாயை வெட்டி, நடுவில் வைத்துப் பூட்டினார். தண்ணீர் பம்பின் வயிற்றுக்குள் நுழைந்து, உள்ளிருக்கும் இலைச்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மறுபக்கம் வெளியேறித் தன் வழியே கீழே போகும். சக்கரத்தின் தண்டில் ஒரு பெல்ட். பெல்ட்டின் மறுமுனையில் நெய்யாற்றின்கரையில் பழைய லாரி உடைக்கிற இடத்தில் வாங்கிய டைனமோ. அங்கிருந்து வீட்டுக்கு வயர். வயரின் முனையில், பஸ்ஸுக்குள் எரியுமே, அந்தப் பல்பு. ஓலைக் கீற்றால் அதற்கு ஒரு கூடும் வேய்ந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் குறையவில்லை. அதன் வேகம் மட்டும் ஈசாக்கின் வீட்டில் இறங்கிக்கொண்டது.

பல்பு எரிந்தபோது சாராம்மாவே கும்பிட்டுவிட்டாள். தொட்டி நிறைந்து வழிந்து வாழைக்குப் போய்க்கொண்டே இருந்ததால் தண்ணீர் நிற்பதில்லை, பல்பும் அணைவதில்லை. நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கும் எரிந்தது. அதை அணைக்கிற யோசனையே ஈசாக்குக்குத் தோன்றவில்லை. கீழே கிருபாபாய்தான் குறைப்பட்டாள். "மின்ன குழாயில வெள்ளம் விழுந்தா ரோட்டுக்குக் கேக்கும். இப்போ ஆடு மோளுத மாதிரி இருக்குவு அண்ணா." ஈசாக் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "கோடையல்லா பிள்ளே" என்றார். அந்த ஆட்டு மூத்திரச் செய்தி அவருக்குப் பல்பைவிட இனித்தது.

அந்த இனிப்பு அடுத்த லீவு வரைதான். அருமநாயகம் பெட்டிக்குள் ஒரு செம்புப் பந்து கொண்டுவந்தான். தேங்காய் அளவு இருக்கும். தொட்டியில் அதை மிதக்கவிட்டால், தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறி, தொட்டி நிறைந்ததும் குழாயின் வாயைத் தானே அடைத்துவிடும். தண்ணீரை அள்ளினால் பந்து இறங்கும், குழாய் திறக்கும். பாலைவனத்தில் வேலை செய்கிறவனுக்குத் தண்ணீர் வழிந்தோடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பந்தை மாட்டிவிட்டு அவன் கைகழுவிய கொஞ்ச நேரத்தில் மேலே ஈசாக்கின் வீட்டில் பல்பு சிவந்து, சுருங்கி, செத்துப்போனது.

ஈசாக்குக்கு விஷயம் புரிந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவன் ரோடு கொண்டுபோனான், கம்பம் கொண்டுபோனான், இப்போது ஒரு பந்தைக் கொண்டுவந்து தன் ஒரே பல்பையும் ஊதிவிட்டான். ஆத்திரத்தில் ஓடிப்போய் அடுக்களை வால்வை முழுக்கத் திருகி மூடினார். எதிரிக்குச் சகுனத்தடை செய்ய மூக்கை அறுத்துக்கொண்டவன் கதைதான். கீழே தொட்டி நிறைய இரண்டு நாளைக்குத் தண்ணீர் இருந்தது. அவர் வீட்டில்தான் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இரண்டாம் நாள் தானே போய்த் திறந்துவிட்டார். சக்கரத்தைச் சுற்றிவிட்ட தண்ணீரைக் குழாயை விட்டு வெளியே விட்டுவிடலாமா என்று பார்த்தார். சரிவின் அடியில் அது போய் விழ அருமநாயகத்தின் முற்றத்தைத் தவிர வேறு இடம் இல்லை. பழைய பேட்டரி ஒன்றைச் சுமந்துவந்து வைத்துப் பார்த்தார். அது சோற்றுப்பானை போலக் கனத்ததே தவிர, வெளிச்சத்தைப் பிடித்து வைக்கவில்லை.

கடைசியில், தன் வீட்டில் வெளிச்சம் வேண்டுமானால் அருமநாயகத்தின் வீட்டார் தண்ணீர் அள்ள வேண்டும் என்ற நிலைக்கு வந்து நின்றார் மனிதர். அருமநாயகம் திரும்பிப் போன பிறகு, ரோட்டுப் பக்கம் தலைகாட்டாதவர் வேலியோரம் நின்று கிருபாபாயிடம் பேச்சுக் கொடுக்கத் தொடங்கினார். "பிள்ளே, வாழைக்கு வெள்ளம் போராது பாத்துக்க." "ஒரு எருமை வாங்கிக் கெட்டக் கூடாதா? எருமை நல்லா வெள்ளம் குடிக்கும்." "இந்தச் சூட்டுல பிள்ளைய ரண்டு நேரம் குளிக்கணும், இல்லெங்கி சொறி வரும்." பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பக்கத்து வீட்டு எருமைக்குத் தண்ணீர் கேட்டது ஈசாக் ஒருவர்தான். கிருபாபாய் எல்லாவற்றுக்கும் "செரி அண்ணா" என்பாள். எருமை வாங்கவில்லை. ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் தவறாமல் வாளியை எடுத்தாள். அதைத் தன் சாமர்த்தியம் என்று ஈசாக் எண்ணிக்கொண்டார்.

இந்த வருஷம் அருமநாயகம் லீவில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து உபதேசியார் யோசுவா வரும் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் யார் வீட்டில் என்று கேட்டார். அருமநாயகம் வந்திருக்கிறானே, அங்கே வைத்தால் நல்ல வெளிச்சம் உண்டு என்று யாரோ சொன்னார்கள். வெளிச்சம் என்ற சொல்தான் வினையாகப் போனது. ஈசாக் எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்க வீட்டுல வைக்கலாம். அங்கயும் கரண்டு உண்டு. சொந்தக் கரண்டு. ஆருக்க கம்பத்துல இருந்தும் இழுத்ததில்ல." இவ்வளவையும் அருமநாயகத்தின் பிடரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சாராம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "சபைக்கு நடுவுல பல்பு அணஞ்சுதுண்ணா மூஞ்சிய எங்க கொண்டு வைப்பீரு?"

"அணையாது."

"அவ எந்நேரமும் வாளியும் கையுமா நிப்பாளா?"

"நிக்க வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானே கீழே இறங்கிப்போனார். தொட்டிக்குள் தலையை விட்டு, "பாசி புடிச்சுக் கெடக்கு பிள்ளே, பிள்ளைய குடிக்குத வெள்ளம்" என்று உச்சுக்கொட்டினார். அருமநாயகம் வேண்டாம் அண்ணா, நான் செய்கிறேன் என்று சொல்லச் சொல்ல, தொட்டியைத் திறந்துவிட்டு, தேங்காய்ச் சவுரி நாரால் தேய்த்து, முழுக்கக் காலி செய்தார். காலித் தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, ஒரு சின்னப் பிரசங்கம், ஜெபம், கட்டன் சாயா, எல்லாம் முடிந்தாலும் தொட்டி கழுத்தைத் தாண்டியிருக்காது. அது வரை பல்பு அணையாது.

கணக்கு நல்ல கணக்கு. ஒன்றே ஒன்றை விட்டுவிட்டார். ஜெபக்கூட்டங்களுக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டதால் அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆட்கள் வந்தார்கள். பல்பு முழு மஞ்சளில் எரிந்தது. வந்தவர்கள் முதலில் அதைப் பார்த்தார்கள், பிறகுதான் செருப்பைக் கழற்றினார்கள். ஈசாக் ஒவ்வொருவரிடமும் "சொந்தக் கரண்டாக்கும்" என்றார். அருமநாயகம் கிருபாபாயோடு வந்து ஓரமாக உட்காரப் போனான். ஈசாக் அவன் கையைப் பிடித்துப் பல்புக்கு நேர் கீழே உட்கார வைத்தார். அவன் வெள்ளைச் சட்டையில் தன் வெளிச்சம் விழுவதைப் பார்த்தபோது, எத்தனையோ வருஷமாக அடிவயிற்றில் புரண்டுகொண்டிருந்தது கொஞ்சம் அடங்கியது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. சொறிந்துகொண்ட சுகம் என்று சொல்லலாம்.

பாட்டு முடிந்தது, வாசிப்பு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. உபதேசியார் ஜெபிக்கக் கண்ணை மூடினார். முன்பெல்லாம் அவர் ஜெபம் சுருக்கமானது. மழைக்கு ஒரு வரி, நோயாளிகளுக்கு ஒரு வரி. இப்போது சபையில் பாதி வீட்டு ஆண்கள் கடல் தாண்டிப் போயிருந்தார்கள். எல்லாரையும் சேர்த்து ஒரே வரியில் முடித்தால் தாய்மார்கள் விடுவதில்லை. தன் பிள்ளையின் பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஊரைச் சொல்ல வேண்டும், படுகிற பாட்டைச் சொல்ல வேண்டும். "சார்ஜாவிலே வெயிலிலே கம்பி வளைக்கிற உமது அடியான் புஷ்பராஜைக் கண்ணோக்கும் கர்த்தாவே. தோஹாவிலே சிமெண்டு சுமக்கிற ராஜையாவை, அவனுடைய முதுகு வேதனையை அறிந்திருக்கிறீரே கர்த்தாவே. பம்பாயிலே ஏஜெண்டை நம்பிக் கிடக்கிற ஸ்டீபனுக்கு விசாவைக் கட்டளையிடும் கர்த்தாவே." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாய் விசும்பினாள். அடுத்த பெயர் வந்தது. ஈசாக் கண்ணைத் திறந்து பல்பைப் பார்த்தார். குவைத் வந்தது. பஹ்ரைன் வந்தது. பேர்சியா இவ்வளவு பெரிய தேசம் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மஸ்கட்டில் பல்பு சிவந்தது. அபுதாபியில் அணைந்தது.

உபதேசியார் இருட்டில் இரண்டு பெயர்கள் சொல்லிவிட்டு நிறுத்தினார். யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். "சொந்தக் கரண்டுக்கு என்ன பற்றிப்போச்சு?" என்று ஒரு குரல். சாராம்மா விளக்கைத் தேடுகிற சத்தம். ஈசாக்குக்கு எதிரில் வெள்ளைச் சட்டை எழுந்து, வாசலைத் தாண்டி வெளியே போவது மங்கலாகத் தெரிந்தது. போகிறான். போய்த் தன் பேர்சியா டார்ச்சைக் கொண்டுவந்து என் மூஞ்சியில் அடிக்கப் போகிறான். செத்துவிடலாம் போல இருந்தது ஈசாக்குக்கு.

டார்ச் வரவில்லை. பல்பு செம்பருத்தி நிறத்தில் கண் விழித்தது. மஞ்சளானது. "ஸ்தோத்திரம்" என்றார்கள் எல்லோரும். உபதேசியார் அபுதாபியிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.

கிருபாபாய் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் கீழே யார் தண்ணீர் அள்ளுவது? ஈசாக் சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்து, சரிவில் தடுமாறி இறங்கினார்.

அருமநாயகம் தொட்டியோரம் குனிந்து நின்றிருந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மதில் மேல் வைத்திருந்தான். வெள்ளைச் சட்டையின் கை தோள் வரை நனைந்திருந்தது. நிறைந்த தண்ணீருக்குள் கையை விட்டு, மேலே வரத் துடிக்கும் செம்புப் பந்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தான். குழாய் பாய்ந்துகொண்டிருந்தது, தொட்டி வழிந்து அவன் கால்சட்டையை நனைத்தது.

"நீரு போவும் அண்ணா. ஆளுவ இருக்காவ. ஜெபம் முடியுவரைக்கும் நான் புடிச்சுக்கிடுதேன்."

"ஒனக்கு ஆருலே பறஞ்சா?"

"கிருபாதான். அவளுக்கு எப்பளே தெரியும். விளக்கு வைக்குத நேரம் பாத்து தினமும் வெள்ளம் கோருயது பின்ன எதுக்குண்ணு நினைச்சீரு?"

ஈசாக் இத்தனை நாளும் தன் சாமர்த்தியம் என்று நினைத்தது அவள் இரக்கமாக இருந்திருக்கிறது. நன்றி வர வேண்டிய இடத்தில் அவருக்குப் பொறாமையே வந்தது. வீடும் ரோடும் போதாதென்று நல்ல மனதும் இவனுக்குத்தான் வாய்த்திருக்க வேண்டுமா?

"ஒனக்கென்னலே. மகராசன்." என்றார். "நீ எல்லாம் உள்ளவனாக்கும்."

அருமநாயகம் பந்தை விடாமல் தலையை மட்டும் திருப்பினான். "அங்க எங்களுக்குக் குடிவெள்ளம் லாறியில வரும் அண்ணா. கேனோட வரிசையில நிக்கணும். சூடு வெள்ளம், எண்ணெய் நாறும். நிக்கும்போ எல்லாம் ஒமக்க ஊத்து மனசுல வரும். ஒம்ம ஏசுவேன்."

"என்னைய எதுக்குலே ஏசணும்?"

"மேலத் துண்ட நீரல்லா முந்தி எடுத்தீரு. எனக்கு இப்பளும் அது ஆறல்ல."

ஈசாக்குக்கு நெஞ்சில் யாரோ பாலை வார்த்த மாதிரி இருந்தது. இவனுக்குத் தன்மேல் பொறாமை. வரிசையில், வெயிலில், கேனைப் பிடித்துக்கொண்டு, பொறாமை. அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட வாய் வரை வந்தது.

"எடு கைய" என்றார். "நீ எனக்க வீட்டுக்கு வந்த ஆளு. ஒன்னயத் தொட்டிக்குள்ள நிறுத்திட்டு நான் அங்க இருந்து ஜெபம் கேக்கவா? போ. போயி இரி."

அருமநாயகம் யோசித்தான். பிறகு ஈசாக்கின் கை பந்தைப் பிடித்த பிறகே தன் கையை எடுத்தான். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான்.

தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. பந்து உயிருள்ளது போல உள்ளங்கையை முட்டியது. ஈசாக் நிமிர்ந்து மேலே பார்த்தார். அந்த இடத்திலிருந்து அவர் தன் வீட்டைப் பார்த்ததேயில்லை. ரப்பர் மரங்களின் இருட்டுக்கு நடுவில், உயரத்தில், ஒரு வீடு மட்டும் மஞ்சளாக எரிந்தது. வாசல் வழியே ஆட்களின் தலைகள் தெரிந்தன. வெள்ளைச் சட்டை ஒன்று உள்ளே போய், நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தது. ஜெபம் முடிந்து பாட்டு கேட்டது. யார் வீடோ, கொடுத்து வைத்தவன் என்று தோன்றி அவர் அடிவயிறு வழக்கம் போல ஒரு முறை புரண்டது. அது தன் வீடுதான் என்பது ஒரு மூச்சு கழித்தே உறைத்தது.

ஒரு கல்லைப் பந்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும், கையை எடுத்துவிடலாம். பம்பு ரிப்பேர் பார்க்கிறவருக்கு அது தெரியாதா? காலடியில் கல்லும் கிடந்தது, கொடியில் கயிறும் தொங்கியது. மேலே பல்பு லேசாக மங்குவது போல இருந்தது. ஈசாக் மற்றக் கையையும் சட்டையோடு தண்ணீருக்குள் விட்டார்.